மீராசா லெப்பை எண்ணிய நாற்பது பேர்

செய்தி வந்தபோது நான் துறைமுக வாசலில், வரிசையில் நின்ற ஒரு லாரியின் தாள்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். போனில் மாமாவின் குரல்.

"ஏலே, மீராசா லெப்பை மவுத்தாயிட்டாவ. சுபுஹு தொழுதுட்டு உக்காந்த எடத்துலயே போயிட்டாவளாம். சாயந்தரம் அசருக்கு அடக்கம். நீ பக்கத்துலதான நிக்கே, போய்ப் பாரு."

பிறகு அவராகவே சொன்னார்: "நல்ல மனுஷன். எண்ணிக்கையில ஒரு தடவ தப்பிட்டாவ, அவ்வளவுதான்."

நான் "ஆமா மாமா" என்றேன். சொல்லிவிட்டு லாரிக்காரரிடம் தாளைத் திருப்பிக் கொடுத்தேன். அந்த 'ஆமா' இன்றுவரை என்னை விடவில்லை. நம் ஜமாஅத் மலருக்கு லெப்பையைப் பற்றி நாலு பக்கம் எழுதித் தரும்படி கேட்டபோது நான் உடனே ஒத்துக்கொண்டதற்கு அதுதான் காரணம். பேனா பிடிக்கத் தெரிந்தவன் என்பதால் கேட்டீர்கள். எதற்காக ஒத்துக்கொண்டேன் என்பதைப் படித்து முடிக்கும்போது தெரிந்துகொள்வீர்கள்.

நம் பள்ளிவாசலில் தொழவைத்த லெப்பையை அறிந்தவர்களுக்கு அவருடைய வெள்ளிக்கிழமைகளைச் சொல்ல வேண்டியதில்லை. இளையவர்களுக்காகச் சொல்கிறேன். அப்போது நம் குடியிருப்பில் மொத்தமே நாற்பத்திரண்டு வீடுகள். ஒரு பக்கம் கடல், மற்ற மூன்று பக்கமும் உப்பளம், வெளியே போக ஒரே ஒரு மண்சாலை. ஆண்களில் பாதிப் பேர் தோணியிலும் வளைகுடாவிலும் இருந்தார்கள். நாம் பின்பற்றும் ஷாபி சட்ட வழியில் வெள்ளிக்கிழமைக் கூட்டுத்தொழுகையான ஜுமுஆ கூடுவதற்கு நாற்பது ஆண்கள் வேண்டும். நாற்பது பேரும் பருவம் அடைந்தவர்களாக இருக்க வேண்டும். அந்த ஊரிலேயே நிலையாகக் குடியிருப்பவர்களாகவும் இருக்க வேண்டும். விருந்தாளி சேர்த்தியில்லை, சிறுபிள்ளை சேர்த்தியில்லை. முப்பத்தொன்பது பேர் என்றால் ஜுமுஆ இல்லை. மற்ற நாள்களைப் போல மதியத் தொழுகையான லுஹர் தொழுதுவிட்டு எழுந்து போக வேண்டியதுதான்.

இதனால் லெப்பை வெள்ளிக்கிழமை பிரசங்க மேடையான மிம்பரில் ஏறுமுன் ஒவ்வொரு முகமாகப் பார்த்து, உதடு அசைய எண்ணுவார். தன்னையும் சேர்த்து நாற்பது வந்தால்தான் ஏறுவார். மழைக்காலத்தில் ஆள் குறைந்தால் பாங்கு சொல்லும் மோதினார் வீடு வீடாக ஓடுவார். காய்ச்சலில் படுத்திருந்தவரைக் கட்டிலோடு தூக்கி வந்த கதையும் நம்மிடம் உண்டு. பக்கத்துப் பெரிய ஊர்க்காரர்கள் நமக்கு 'முப்பத்தொன்பதாங்குடி' என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்தப் பெயரைக் கேட்டு நம்மவர்கள் சந்தையில் கைகலந்ததும் உண்டு.

அந்த நாற்பதில் ஒருவர் என் வாப்பா. எனக்குப் பதினான்கு வயதும் சில மாதங்களும் ஆகியிருந்தபோது, உப்பளத்தில் வேலை செய்துகொண்டிருந்தவர் மாரைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். அடக்கம் முடிந்து வந்த முதல் வெள்ளிக்கிழமை லெப்பை எண்ணினார், மறுபடியும் எண்ணினார். பிறகு மிம்பருக்குப் போகாமல் தொழுகை விரிப்பில் நின்று, "லுஹர்" என்றார். பள்ளிவாசல் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது போல இருந்தது. எங்கள் வீட்டுச் சாவால் ஊருக்கு ஜுமுஆ போயிற்று என்று அந்த வயதில் நினைத்தேன். அதைத் திருத்த யாரும் வரவில்லை.

மூன்றாவது வெள்ளி முடிந்ததும் மாமா, அவர்தான் அப்போது ஜமாஅத் செயலாளர், எல்லார் முன்னாலும் கேட்டார்.

"லெப்பை, மச்சான் மவன் இருக்கானே. மீசை கூட லேசா கறுத்திருக்கு. அவனச் சேத்தா என்ன?"

"மீசைய வச்சு எண்ண முடியாது செயலாளரே" என்றார் லெப்பை. நிதானமாகத்தான் சொன்னார். உறக்கத்தில் கனவு வந்து குளிப்புக் கடமையாக வேண்டும். பெண்பிள்ளை என்றால் மாதவிலக்கு வர வேண்டும். அப்படி எதுவும் வராத பிள்ளைக்குப் பிறைக் கணக்கில் பதினைந்து வயது நிறைய வேண்டும். அதுவரை பிள்ளை தொழலாம், நோன்பு வைக்கலாம், எல்லாவற்றுக்கும் நன்மை உண்டு. ஆனால் எதுவும் அவன் மேல் கடமையில்லை. வானவர்களான மலக்குகளின் பேனா அவன் தவறை எழுதாது. கடமை இல்லாதவனை வைத்து நாற்பதை நிரப்ப முடியாது. இவ்வளவையும் அன்று அவர் அந்தக் கூட்டத்துக்கு விளக்கினார்.

மறுநாள் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். உம்மா இத்தாவில் இருந்தார்கள். கணவனை இழந்தவள் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். திரைக்கு இந்தப் பக்கம் நின்று லெப்பை கேட்டார்: "புள்ள எந்த மாசத்துப் பொறையில பொறந்தான்?"

உம்மா சொன்னார்கள். லெப்பை விரல் மடக்கிப் பார்த்தார். "ஆங்கில மாசப்படி பாத்தா இன்னும் எட்டு மாசம் கெடக்கு. பொறைப்படி மூணு மாசத்துக்கு உள்ளதான். மூணு மாசம் லுஹர் தொழுதா ஊருக்கு ஒண்ணும் கொறஞ்சு போயிராது."

மூன்று மாதம் என்று அவர் சொன்னது எனக்கு மூன்று வருடம் என்று கேட்டது. தெருவில் நடந்தால், "என்னலே, ஆயிட்டியா?" என்று ஆள் மாற்றி ஆள் கேட்டார்கள். கேலியாகக் கேட்டவர்களைப் பொறுத்துக்கொள்ளலாம். வயதானவர்கள் ஆசையோடு கேட்டார்கள், அதுதான் தாங்க முடியவில்லை. கனவு என்றால் என்ன என்று எனக்குச் சரியாகத் தெரியாது. கூடப் படித்தவர்கள் சொன்ன அரைகுறைதான். அந்த அரைகுறையை வைத்துக்கொண்டு நாலாவது வெள்ளி காலையில் லெப்பையிடம் போய், "எனக்கு வந்துட்டு லெப்பை" என்றேன்.

அவர் என்னைப் பள்ளிவாசல் கிணற்றடிக்கு அழைத்துப் போனார். யாரும் பக்கத்தில் இல்லை. "நான் ஒரு தடவதான் கேப்பேன்" என்றார். "ரெண்டாம் தடவ கேட்டா ஒன்னச் சந்தேகப்படுதேன்னு ஆயிரும். இது சாட்சி வச்சுத் தெரியுற காரியமில்ல. ஒருத்தன் சொல்லத்தான் தெரியும். சத்தியம் கூட வாங்கக் கூடாது. உண்மையா?"

"உண்மை."

அவர் என் தலையில் கைவைத்தார். அன்று அவர் எண்ணியபோது கண் என்னிடம் வந்து நின்று, உதடு அசைந்தது. பிறகு எழுந்து மிம்பரில் ஏறினார். மோதினார் அழுதார். மாமா என் முதுகில் ஓங்கித் தட்டினார். ஜுமுஆ முடிந்து நெய்ச்சோறு ஆக்கினார்கள். என் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமும் அவ்வளவு பயமும் ஒரே சாப்பாட்டில் கிடைத்ததில்லை.

பெரியவன் ஆவது என்றால் என்னவென்று அதற்குப் பிறகுதான் தெரிந்தது. அடுக்களை வரை போய்ச் சட்டியைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்த வீடுகளில் என்னை வாசலோடு நிறுத்தினார்கள். மாமி திரைக்குப் பின்னால் இருந்து, "இனி சத்தம் கொடுத்துட்டு வா மக்கா" என்றார். அவர் மகள், நேற்றுவரை என்னோடு சிப்பி பொறுக்கியவள், என்னைக் கண்டால் உள்ளே போனாள். அடுத்த வாரமே மாமா என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி, துறைமுகச் சாலையில் இருந்த அவருடைய கயிற்றுக்கடையில் உட்கார வைத்தார். தோணிகளுக்கு வடமும் பெயின்ட்டும் விற்கிற கடை.

"பாலிக் ஆயிட்டான், இனி வீட்டுக்கு ஆம்பள அவன்தான்" என்றார்.

இதற்காக லெப்பை கடைக்கே வந்து மாமாவிடம் பேசியதை நான் வடச்சுருளுக்குப் பின்னால் இருந்து கேட்டேன். "பாலிக் ஆனா தொழுகைதான் கடமையாகும் செயலாளரே. கடை கடமையாகாது. பருவம் வேற, பக்குவம் வேற. வாப்பா இல்லாத எத்தீம் புள்ளையோட பொருளக் கூடப் பருவம் வந்ததும் கையில கொடுக்கச் சொல்லல, புத்தி தெளிஞ்சிருக்கான்னு சோதிச்சுப் பாத்துட்டுத்தான் கொடுக்கச் சொல்லுது. படிக்க விடுங்க."

"நீங்க மிம்பரப் பாருங்க, நான் வீட்டப் பாத்துக்கிடுதேன்" என்றார் மாமா.

எனக்காக அவர் மன்றாடிக்கொண்டிருந்தார், நான் அவரையே ஏமாற்றிக்கொண்டிருந்தேன். வெளியே வர வழியில்லை. உண்மையைச் சொன்னால் நடந்த ஜுமுஆக்கள் எல்லாம் செல்லாது. அத்தனை பேரும் லுஹரைத் திருப்பித் தொழ வேண்டும். இத்தாவில் இருக்கும் உம்மா தலைகுனிய வேண்டும். சொல்லாவிட்டால் ஒவ்வொரு வெள்ளியும் பொய் ஒன்று கூடும். வெள்ளிக்கிழமை காய்ச்சல் வராதா என்று வேண்டினேன். வந்தாலும் கட்டிலோடு தூக்கிவிடுவார்கள்.

இப்படிப் பதினோரு வெள்ளிக்கிழமைகள் போயின. பதினோராவது வெள்ளி கழிந்த மறுநாள் விடியலில் விழித்தபோது, எனக்கு உண்மையாகவே அது வந்திருந்தது. கூடப் படித்தவர்கள் சொன்ன எதுவும் அது போல இல்லை. பயந்துபோய்ப் பள்ளிவாசல் கிணற்றடிக்கு ஓடி, வாளி வாளியாக இறைத்துத் தலையில் ஊற்றினேன். சுபுஹுக்குக் கதவு திறக்க வந்த லெப்பை அப்படியே நின்றுவிட்டார்.

"என்னலே, இப்படி நடுங்குதே?"

"லெப்பை, இதுதான் மொதல்" என்றேன். அதற்குமேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அவர் கிணற்றுச் சுவரில் உட்கார்ந்துவிட்டார். அடிப்பார் என்று நினைத்தேன். ரொம்ப நேரம் விரலை மடக்கிக்கொண்டிருந்தார். "பதினொண்ணு" என்றார் கடைசியில். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து என் தலையைத் துவட்டினார்.

"நல்லாக் கேட்டுக்கோ. நீ அன்னைக்குப் பொய் சொன்ன. ஆனா அன்னைக்கு நீ புள்ள. புள்ள சொன்ன பொய் எழுதப்படாது. பேனா ஒம் மேல இன்னைக்குத்தான் எறங்கியிருக்கு. அந்தப் பதினோரு லுஹரையும் ஊரே களாவாத் திருப்பித் தொழணும், ஒன்னத் தவிர. ஒனக்கு அது கடமையாவே இருக்கல."

"நான் எல்லார்கிட்டயும் சொல்லிருதேன் லெப்பை."

"இப்ப வேண்டாம். ஒங்க உம்மா இத்தா முடியட்டும். அது வரைக்கும் அவ காதுக்கு இது போகக் கூடாது. அதுக்கப்புறம் ஒன் இஷ்டம். அப்ப நீ பெரியவன், நீயே முடிவு பண்ணு. எண்ணினவன் நான், அதனால ஊர்கிட்ட இப்பச் சொல்லவேண்டியவன் நான்."

அன்று லுஹருக்கு ஆள் சேர்ந்ததும் அவர் எழுந்து நின்றார். முதுகு நிமிர்ந்துதான் இருந்தது. "போன பதினோரு ஜுமுஆவும் கூடல. நாப்பதுல ஒண்ணு கொறவு. எண்ணினதுல தப்பு. எண்ணினது நான். எல்லாரும் பதினோரு லுஹரைக் களா செய்யுங்க."

 உடனே கூச்சல். யாரைத் தப்பாகச் சேர்த்தீர் என்று கேட்டார்கள். "சொல்ல மாட்டேன்" என்றார். எத்தனை விதமாகக் கேட்டும் அந்த ஒரே பதில்தான். நான் மூன்றாவது வரிசையில் தூணோடு ஒட்டி உட்கார்ந்திருந்தேன்.

பதினோரு வெள்ளிக்கு முன் புதிதாகச் சேர்ந்தவன் நான்தானே என்று யாரோ இழுத்ததும், "எம் மச்சான் மவன் பொய் சொல்ல மாட்டான்" என்று மாமா அடக்கிவிட்டார். ஊரே சேர்ந்து வேறு விடை கண்டுபிடித்தது. லெப்பை குலசேகரன்பட்டினத்துக்காரர். மனைவி இறந்த பிறகு தனியாளாகப் பதினாலு வருடமாக நம் பள்ளிவாசல் அறையில் இருந்தார். பெருநாள் தோறும் சொந்த ஊர் போய் வருவார். அப்படியானால் அவர் இங்கே நிலையான குடி இல்லை. தன்னையே தப்பாக நாற்பதில் சேர்த்து எண்ணியிருக்கிறார். வெட்கத்தில் வாய் திறக்க மறுக்கிறார். இதைக் கண்டுபிடித்தவர் மாமா. சட்டம் தெரிந்தவர் போல அடித்துப் பேசினார். "அப்ப பதினோரு ஜுமுஆ மட்டுமா? பதினாலு வருஷமுமா?" என்று யாரோ கேட்டதும் பள்ளிவாசல் இரண்டுபட்டது. முன்பெல்லாம் அவர் இல்லாமலே நாற்பது தேறியிருக்கும், பழையதற்குக் குறையில்லை என்று தங்களுக்குள் சமாதானம் செய்துகொண்டார்கள்.

லெப்பை மறுக்கவில்லை. ஒப்புக்கொள்ளவும் இல்லை. பருவமடைந்த மகன்கள் இருவரோடு நம் ஊரில் குடியேற ஒத்துக்கொண்ட வேறொரு லெப்பையைப் பேசி முடித்தார்கள். அந்தப் புதன்கிழமை, பிறைக் கணக்கில் எனக்குப் பதினைந்து நிறைந்த நாளில், லெப்பை ஒரு டிரங்குப் பெட்டியோடு மண்சாலையில் நடந்தார். கடைக்குப் போகும் சாக்கில் நான் பின்னால் போனேன். பஸ் வந்தபோது, "தொழுகைய விட்டுராத" என்றார். 

உம்மாவின் இத்தா நாலு வாரம் கழித்து முடிந்தது. அன்று சொல்லலாம் என்று இருந்தேன். சொல்லவில்லை. புது லெப்பை வந்த மகிழ்ச்சியில் ஊர் இருந்தது, கெடுப்பானேன் என்று நினைத்தேன். பிறகு மாமாவின் கடையில் இருந்துகொண்டு மாமாவின் தீர்ப்பைப் பொய்யாக்குவதா என்று தள்ளிப்போட்டேன். பிறகு கல்யாணம் வந்தது. சிப்பி பொறுக்கியவளையே எனக்குக் கட்டி வைத்தார்கள். மாமனார் ஆகிவிட்ட மாமாவிடம் எப்படிச் சொல்வது? ஒவ்வொரு வருடமும் அதற்கென்று ஒரு காரணத்தை எனக்குக் கொடுத்தது, நானும் வாங்கிக்கொண்டேன். உம்மா மவுத்தான பிறகு, அவர்கள் தலைகுனிவார்கள் என்ற காரணமும் இல்லாமல் போனது. அப்போதும் சொல்லவில்லை.

லெப்பை துறைமுகத்துக்கு வெளியே, தோணிக்காரர்களும் லாரிக்காரர்களும் ஐவேளை தொழுதுவிட்டுப் போகும் சின்னக் கூடத்தில் இமாமாக இருந்தார். வருகிறவர்கள் எல்லாரும் வழிப்போக்கர்கள், அங்கே ஜுமுஆ கிடையாது. முப்பது வருடம் அவர் மிம்பரில் ஏறவில்லை. வெள்ளிக்கிழமை பக்கத்துப் பெரிய பள்ளிவாசலில் கடைசி வரிசையில் உட்கார்ந்து தொழுவார். நான் துறைமுகத்தில் சரக்கு கிளியரிங் வேலைக்கு வந்த பிறகு வாரத்தில் இரண்டு மூன்று நாள் அவரைப் பார்ப்பேன். டீ குடிப்போம். ஒவ்வொரு தடவையும் ஒன்று கேட்பார்: "அங்கன இப்ப ஜுமுஆவுக்கு எத்தனை பேரு?"

கடைசியாகக் கேட்டபோது, "இருநூறு தாண்டும் லெப்பை, இப்ப யாரும் எண்ணுறதே இல்ல" என்றேன். அவ்வளவு வாயாரச் சிரித்து நான் அவரைப் பார்த்ததில்லை.

ஒரே ஒரு முறை நானாகப் பேச்செடுத்தேன். "லெப்பை, அந்தப் பதினோரு வெள்ளி…" என்று தொடங்கினேன். அவர் டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"சொல்லணும்னா அங்கன போய்ச் சொல்லு. எங்கிட்ட எதுக்குச் சொல்லுதே? எனக்குத்தான் தெரியுமே."

குரலில் கோபம் இருந்தது. அவரிடம் நான் கேட்ட ஒரே கோபம் அது. அதுவரை, அவர் எல்லாவற்றையும் மறந்துவிட்டார், மகான், அவருக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லிச் சொல்லி என்னை நானே தேற்றி வைத்திருந்தேன். அவர் மகான் இல்லை. நான் பேசுவேன் என்று காத்துக்கொண்டிருந்த மனிதர். அதற்குப் பிறகு அவரைப் பார்க்கப் போவதையும் குறைத்துக்கொண்டேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

அடக்கத்துக்கு நம் ஊரிலிருந்து ஒரு வேன் நிறைய ஆள் வந்தது. மாமாவும் எண்பது வயதில் கைத்தடியோடு வந்தார். ஜனாஸா தொழுகைக்கு வரிசை கட்டியபோது என்னையறியாமல் முகங்களை எண்ணினேன். முப்பத்து நாலோ ஐந்தோ எண்ணும்போது கண் மறைத்தது, விட்டுவிட்டேன். மண் தள்ளி முடிந்ததும் மாமா என் தோளைப் பிடித்துக்கொண்டு, "வெளியூர்க்காரர்னாலும் நம்மாளுதான்" என்றார். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம்.

மாமா இதைப் படிப்பார். கண் தெரியாவிட்டால் என் மனைவி படித்துக் காட்டுவாள். அந்த வீட்டில் இனி எனக்கு எந்த வாசல் வரை இடம் என்று தெரியாது. மலர்க் குழுவினர் ஒரு வரியையும் வெட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பதினோரு வெள்ளியும் பள்ளிவாசலில் இருந்தவர்களில் இன்னும் ஒன்பது பேர் நம்மோடு இருக்கிறார்கள். மீதிப் பேர், லெப்பை தன்னையே தப்பாக எண்ணினார் என்று நம்பியபடியே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவர்களிடம் இனி எதையும் திருத்த முடியாது.

லெப்பையிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது கிணற்றடியில் அவர் கேட்ட அந்த ஒரு கேள்விதான். ஒரு பிள்ளையின் சொல்லைச் சத்தியம் வாங்காமல், சாட்சி கேட்காமல், ஒரே தடவையில் நம்பிய மனிதர் எனக்கு அவருக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. பதினான்கு வயதில் நான் சொன்ன பொய் எழுதப்படவில்லை என்றார். அவர் சொன்னதால் நம்புகிறேன். ஆனால் உம்மாவின் இத்தா முடிந்த நாளிலிருந்து நான் பேசாமல் இருந்தது பிள்ளை செய்த காரியமில்லை. அவ்வளவும் எழுதப்பட்டிருக்கும். மீராசா லெப்பை நம் ஊர்க்காரர்தான், தன்னைச் சரியாகத்தான் எண்ணினார். நாற்பதில் குறைந்தவன் நான்.